எதிராளி பக்கத்துக் கோடு

செங்கல்பட்டு மாவட்டத்துப் பெருமக்களுக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற வருகிற அனைவருக்கும் வரலாற்றுச் சிறப்புமிக்க ஓர் அறிவிப்பு: நான் கோடு நேராகப் போடுவேன்.

சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள், இன்ஸ்பெக்டர் காயத்ரி மேடம். கால்பந்து மைதானத்தில் கயிறு பிடிக்காமல் நேர்க்கோடு போடத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் மூன்றே பேர். ஒருவர் காலமாகிவிட்டார். ஒருவர் அரசியலுக்குப் போய்விட்டார். மிச்சம் நான். பெயர் நரசிம்மன், வயது ஐம்பத்திரண்டு, பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர், செங்கல்பட்டு ஏரிக்கரை அணியின் பயிற்சியாளர். நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதச் சொல்லி, ஸ்டேஷனில் வெள்ளைத்தாள் கொடுத்தீர்கள். தாளில் கோடு இல்லை. பரவாயில்லை.

பத்தொன்பது வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன். லீக் சுற்றில் பதினோரு முறை முதலிடம். கிழக்குக்கரைக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு ஆறு முறை போனோம், ஆறு முறையும் தோற்றோம். இரண்டாம் பரிசுக் கோப்பைகள் ஆறும் வீட்டில் இருக்கின்றன. ஒன்றில் என் மனைவி துர்காதேவி துணி க்ளிப் போட்டு வைத்திருக்கிறாள். இன்னொன்றில் கறிவேப்பிலை நட்டாள். அது வளரவில்லை.

தோற்றதுகூடப் பெரிதில்லை. அந்தக் கேள்விதான். வெற்றிகரமான பயிற்சியாளரால் கோப்பை வாங்க முடியுமா? பொத்தேரி ஹாஸ்டல் பையன்கள் இரண்டு பேர் யூடியூபில் இதை நாற்பது நிமிடம் விவாதித்தார்கள். இருவரும் பந்தை உதைத்தே பார்க்காதவர்கள். அதில் ஒருவன் விவாதம் முடியும்வரை ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தான். முடிவெட்டுகிறவர் என் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு கேட்டார். பள்ளித் தாளாளர் கேட்டார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கேட்டார்.

எங்கள் கால்பந்துக் கழகத் தலைவர் சுப்புராமன் கேட்கவில்லை, பதிலே சொல்லிவிட்டார். அவர் மனை விற்பவர். இறுதி ஆட்டத்துக்கு முந்திய ஞாயிறன்று வாழ்த்துக் கூட்டம் வைத்தார். பேனரில் அவர் முகம் லாரி சக்கரம் அளவு, என் முகம் தபால்தலை அளவு. அதன்கீழே 'வெற்றியின் விலாசமே' என்று எழுதியிருந்தது. எந்த முகத்துக்கு என்று எழுதவில்லை. மைக்கைப் பிடித்து அவர் சொன்னது இது:

"மாஸ்டரு தங்கமான ஆளுப்பா. லீக்குன்னா புலி. ஃபைனல்னா மட்டும் இன்னாவோ ஆயிடுது. இந்த வாட்டியும் கோட்ட வுட்டாருன்னா, பொன்னாட போத்தி வூட்டுக்கு அனுப்பிட வேண்டியதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். சால்வைக்கு அளவெடுத்ததுபோல் என் தோளைத் தட்டினார். சிரிக்காதவன் ஒருவன்தான், எங்கள் கோல்கீப்பர் விஷால். இருபத்துநாலு வயது. சிறுசேரி கம்பெனி ஒன்றுக்குக் கேப் ஓட்டுகிறான். அவனுக்குக் கால்பந்தில் தெரிந்ததெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. "வுடு மாஸ்டர், அந்தாளு பேச்சுக்கெல்லாம் பேஜாராவாத," என்றான். நான் பேஜாராகவில்லை. அமைதியாக இருந்தேன். அன்றிலிருந்து மிகவும் அமைதியாக இருக்கிறேன்.

இந்தக் கோப்பையில் ஒரு வழக்கம் உண்டு, அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கோல் பக்கத்துக் கோடுகளை அவரவர் அணி குறுக்கிப் போட்டுக்கொள்கிறது என்று ஒரு காலத்தில் பெரிய தகராறு நடந்தது. அதிலிருந்து, இறுதி ஆட்டத்தன்று காலையில் எதிராளியின் கோல் பக்கத்துக் கோட்டை இந்த அணியின் பயிற்சியாளர் போடவேண்டும், இவர்கள் பக்கத்தை அவர் போடவேண்டும். யார் எந்தப் பக்கம் என்பதற்கும் டாஸ் கிடையாது. கடலோரத்து அணி கடல் பக்கத்துக் கோலில் தொடங்கும், கடலிலிருந்து தள்ளியிருக்கிற ஊர் அணி சாலை பக்கத்துக் கோலில் தொடங்கும். இந்த முறை எங்களுக்கு எதிராளி கோவளம் அணி. அவர்கள் கோல்கீப்பர் ஜான்சன், கடலுக்குப் போகிறவன், விரித்த வலை மாதிரி நிற்பான். போன வருடம் எங்கள் கோப்பையைப் பறித்தது அவன் கைகள்தான்.

கோடு போடுவது வெள்ளைக்கல் பொடியில். கோலமாவு மாதிரி சாதுவான பொடி. எங்கள் தெருவில் ஒரு பணக்காரர் பழைய பாணியில் வீடு கட்டுகிறார், அதற்காகக் கிளிஞ்சல் சுண்ணாம்பு இறக்கியிருந்தார்கள், தண்ணீர் விட்டு ஆறவைக்காதது. பொடித்துவிட்டால் பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுதான். கொத்தனார் சீனுவிடம் அரை மூட்டை கேட்டேன். பள்ளியில் மரத்துக்கு அடிக்க என்று சொன்னேன்.

கொஞ்சம் எரியும், ஜான்சன் பத்து நிமிடம் வெளியே உட்காருவான், மாற்று கோல்கீப்பர் வருவான் என்றுதான் நினைத்தேன் என முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். சீனு சொல்லித்தான் கொடுத்தார்: "ஈரம் பட்டா கொதிக்கும் மாஸ்டர். கண்ணுல போச்சுன்னா கண்ணு அவ்ளோதான்." நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

மாமல்லபுரம் மைதானத்தில் காலை ஏழு மணிக்குக் கோடு போட்டேன். துர்காதேவி ஸ்கூட்டர் ஓட்டும்போது மாட்டும் கறுப்புக் கண்ணாடியை மாட்டியிருந்தேன். கோவளத்துப் பயிற்சியாளர் ஜெகதீசன் ஏன் என்று கேட்டார். வெயில் என்றேன். பெட்டிக்கோடெல்லாம் நல்ல பொடி. கம்பத்துக்குக் கம்பம் போகிற கோலின் கோடு மட்டும் சீனு கொடுத்தது. அப்படி ஒரு நேர்க்கோட்டை என் வாழ்நாளில் போட்டதில்லை. ஜெகதீசனே பாராட்டினார்.

என் கணக்கில் பிசகு இல்லை. நாற்பத்தைந்து நிமிடத்தில் எந்த கோல்கீப்பரும் ஒரு தடவையாவது கோட்டில் விழுந்து புரளுவான். முகமெல்லாம் வியர்வை இருக்கும். விழுந்ததும் ஆட்டத்தை நிறுத்துவார்கள். நானே முன்னால் ஓடிப்போய், அந்தக் கோட்டைக் கூட்டித் தள்ளிவிட்டு நல்ல பொடியில் புதுக்கோடு போட்டுக் கொடுப்பதாக இருந்தேன். எனக்கும் மனிதாபிமானம் உண்டு.

ஜான்சன் விழவில்லை. நாற்பத்தைந்து நிமிடமும் இடுப்பில் கை வைத்து நின்றான். ஒருமுறை கொட்டாவிகூட விட்டான். இடைவேளை விசில் அடித்தது. பக்கம் மாறுவார்கள் என்பது தெரியாதா என்று கேட்டீர்கள். பத்தொன்பது வருடப் பயிற்சியாளரிடம் கேட்கிற கேள்வியா அது?

இடைவேளை பத்து நிமிடம். விஷால் என் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் உயரமானவன், நின்றபடியே பந்தைப் பிடிக்கிறவன், விழ வேண்டிய அவசியமே வராது என்று பட்டது. சொன்னால் ஏன், எப்படி என்று கேட்பான். சுப்புராமன் இரண்டடி தள்ளி நாற்காலியில் இருந்தார், பொன்னாடைப் பை அவர் மடியில் இருந்தது.

"நீங்க போட்ட கோடு மாஸ்டர்," என்றான் விஷால் எழுந்துகொண்டே. "ஸ்கேல் வச்ச மாதிரி கீது. கப்பு நம்மளுதுதான்."

நான் மறந்தது ஒன்றே ஒன்று. அவனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது நான் ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தேன். கோல்கீப்பருக்குக் கோடுதான் கோயில், நிற்கும் முன் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று. சாலை பக்கத்துக் கோட்டையும் ஆட்டம் தொடங்கும்போது அப்படித்தான் கும்பிட்டான். அது ஜெகதீசன் போட்ட கோடு.

கடல் பக்கத்துக் கோலுக்குப் போனான். வலது கையுறையைக் கழற்றினான். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். குனிந்து, விரல்களால் கோட்டைத் தொட்டான். நிமிர்ந்தான். இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகும்? நிதானமானவன் அவன், சாமி விஷயத்தில் அவசரப்பட மாட்டான். என் கழுத்தில் விசில் தொங்கியது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். நான் அப்போது சுப்புராமனின் மடியில் இருந்த பையைப் பார்த்தேன். பிறகு விஷாலைப் பார்த்தேன். அவன் விரல்களை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டிருந்தான்.

மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்தவன் ஜான்சன். நாற்பத்தைந்து நிமிடம் அசையாமல் நின்றவன், அதற்கு மட்டும் மைதானம் முழுக்க ஓடினான். விஷாலின் தலையை மடியில் வைத்து, இமையைப் பிரித்து, கேன் தண்ணீர் முழுவதையும் ஊற்றினான். ஆம்புலன்ஸ் வரும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தான். இடது கண் தப்பியது அதனால்தான் என்று டாக்டர் சொன்னாராம். வலது கண் இல்லை. இனிக் கேப் ஓட்ட விடமாட்டார்கள்.

ஆட்டம் ரத்தானது. முதல் பரிசுக் கோப்பையை அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். எங்கள் வீட்டில் இருப்பதைவிட இரண்டு விரற்கடை உயரம், அவ்வளவுதான்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் விஷாலிடம் விசாரித்தீர்களாம். கோட்டில் ஏதோ கலப்படம், மாஸ்டர் பாவம், அவருக்குத் தெரிந்திருக்காது என்று சொன்னானாம். நல்ல பையன். நான் வளர்த்தது வீண்போகவில்லை.

நான் செய்தேன், மறுக்கவில்லை. ஆனால் நியாயமாக யோசித்துப் பாருங்கள் மேடம். ஜான்சன் ஒரே ஒரு தடவை விழுந்திருந்தால் விஷாலுக்கு எதுவுமே ஆகியிருக்காது. ஏன் விழவில்லை என்று கேட்டீர்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

முதல் பாதியில் எங்கள் அணி கோலை நோக்கி ஒரு பந்துகூட அடிக்கவில்லை.