வசுமதிக்கு வந்த கடிதங்கள்

மழைக்காலம் வந்துவிட்டால் செங்கல்பட்டில் தொலைபேசி லைன் ஒழுங்காக இருக்காது சார். கம்பத்து இணைப்பில் ஈரம் இறங்கிவிடும். பேசினால் கரகரக்கும், இன்டர்நெட் அடிக்கடி அறுந்துபோகும். இந்த ஐப்பசியில் அது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் நான் உங்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ராகவன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ். என் மனைவி பிரதீபாவுக்குச் சொந்த ஊர் செய்யூர்ப் பக்கம். கல்யாணத்துக்கு முன்பு அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். இனி அது தேவையில்லை என்று எடுத்துச் சொன்னேன், விட்டுவிட்டாள். நாங்கள் இருந்தது மாடி வீடு. வெளிப்பக்கமாகச் சிமெண்டுப் படிகள், இருபத்திரண்டு. கீழே வீட்டுக்காரம்மா லோகநாயகி. வேலைக்குப் போகும்போது படியின் தலைப்பில் இருக்கும் கிரில் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவேன். திருட்டு பயம்தான். சாவியை அவளிடம் கொடுத்தால் எங்காவது வைத்துவிட்டுத் தேடுவாள்.

இரண்டாயிரத்து ஏழு தை மாதம் ஒரு ரூட்டர் வாங்கினேன். வயர் இல்லாமல் வீடு முழுக்க இன்டர்நெட் தருகிற பெட்டி. அதற்குள் தயாரிப்பாளர் போட்டு அனுப்புகிற மென்பொருள் கொஞ்சம்தான் வேலை செய்யும். உலகம் முழுக்க ஆர்வமுள்ளவர்கள் சேர்ந்து அதற்கு வேறொரு மென்பொருள் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று இலவசமாக வைத்திருக்கிறார்கள். அதை ஏற்றினேன். ஏற்றும் நேரத்தில் மின்சாரம் போனால் பெட்டி செத்துவிடும். ‘செங்கல் ஆகிவிட்டது’ என்பார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. நான் பொறுமைக்காரன்.

அதன் பிறகு அந்தப் பெட்டி என் சொல்லைக் கேட்டது. வீட்டிலிருந்து யார் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தது. யார் என்று என்ன இருக்கிறது, பகலில் வீட்டில் பிரதீபா ஒருத்திதான். சமையல் பக்கம், கோலம், அவள் ஊர்ப் பள்ளி. பங்குனியில் ஒருநாள் புதிதாக ஒன்று இருந்தது. சென்னையில் பெண்களுக்கான ஓர் உதவி மையத்தின் பக்கம். கணவன்மாரால் கஷ்டப்படுகிறவர்கள் அதில் கடிதம் எழுதலாம், பதில் அதே பக்கத்தில் வரும். பிரதீபா அதை மூன்று முறை திறந்திருந்தாள். எழுதவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை சார். என்னிடம் சொல்ல முடியாத ஏதோ அவள் மனதில் இருக்கிறது, அதை முன்பின் தெரியாத யாரோ படிக்கப் போகிறார்கள், அவ்வளவுதான் தோன்றியது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்தப் பக்கத்தை அச்சு அசலாக நகல் எடுத்தேன். தொலைபேசி எண்ணை மட்டும் எடுத்துவிட்டேன். நகலைக் கட்டிலடியில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் போட்டேன். எங்கள் வீட்டில் யார் அந்த முகவரியைத் தட்டினாலும் சென்னைக்குப் போகாமல் கட்டிலடிக்கே வரும்படி ரூட்டரிடம் சொல்லிவைத்தேன். பதில் எழுதுகிறவருக்கு ஒரு பெயர் வேண்டும். வசுமதி என்று வைத்தேன்.

முதல் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருந்தாள். ‘அக்கா, என் வூட்டுக்காரர் கெட்டவர் இல்ல. ஆனா அவர் வர்ற நேரம் ஆனா வெளக்கி வச்ச பாத்திரத்தயே திரும்ப வெளக்கறேன். எங்கிட்ட இன்னா தப்புன்னு தெரியல.’ ஆபீசில் மதியச் சாப்பாட்டு வேளையில் வெளியிலிருந்தே படித்தேன். பதிலும் எழுதினேன். அவர் வருவதற்கு முன்பு நீ என்ன செய்துகொண்டிருப்பாய், அவருக்குப் பிடிக்காதது எது, யோசித்துப் பார் தங்கச்சி என்று எழுதினேன்.

அவள் யோசித்தாள். வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. நான் கேட்டால் ஒரு வார்த்தை பேசாதவள், வசுமதிக்குப் பக்கம் பக்கமாக எழுதினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், அவள் அண்ணன் சுதாகரின் கல்யாணம், சின்ன வயதில் முந்திரித் தோப்பில் வழி தவறியது. நான் அவளை எப்படி அடித்தேன் என்பதையும் எழுதினாள். நடந்தபடியே இருந்தது, மிகைப்படுத்தவில்லை. அவளுடைய நேர்மையில் எனக்கு எப்போதுமே மரியாதை உண்டு.

அந்த ஆண்டு ஆடியில் அவள் மணிக்கட்டு உடைந்தது. யாரிடம் என்ன சொல்வது என்று வசுமதியிடம் கேட்டாள். படியில் விழுந்துவிட்டேன் என்று சொல், அண்ணனுக்குத் தெரிந்தால் குடும்பம் இரண்டாகும் என்று எழுதினேன். அப்படியே சொன்னாள். வீட்டுக்காரம்மா மேலே வந்து, “இன்னா பொண்ணு நீ, பாத்து எறங்கக் கூடாதா?” என்று எண்ணெய் தடவிவிட்டுப் போனார்.

இந்த வைகாசியில் அவள் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. நான் போக வேண்டாம் என்றேன். சொல்லாமல் போய்விடட்டுமா, கீழ் வீட்டம்மாவைக் கூப்பிட்டுப் பூட்டை உடைக்கச் சொல்லட்டுமா என்று வசுமதியிடம் கேட்டாள். இரண்டு நாள் பொறு, அவரே மனம் மாறுவார் என்று எழுதினேன். உண்மையில் மாறவும் உத்தேசித்திருந்தேன். இரண்டாம் நாள் காலையில் அம்மா இறந்துபோனார். அதில் என் கணிப்புத் தவறிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஊருக்குப் போய் வந்த மறுநாள் எழுதினாள்: ‘நீங்களும் இல்லன்னா நான் இன்னா ஆயிருப்பேனோ அக்கா. ஒருதபா உங்கள பாக்கணும்.’ அதை நான் ஆபீசில் மூன்று முறை படித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

இனி லைன் விஷயம். வெள்ளிக்கிழமை லீவு போட்டிருந்தேன். லைன்மேன் இருசப்பன் வந்தார். ரூட்டரைத் திறந்து பார்த்தவர், “இன்னா சார், பொட்டிக்குள்ள வேற என்னாத்தையோ ஏத்தி வச்சிகினு கீறீங்க? இது இப்டி இருந்தா லைன்ல கோளாறுன்னு நான் எழுத முடியாது. பழையபடி பண்ணி வைங்க, நாளிக்கு வரேன்” என்றார்.

சனிக்கிழமை காலையில் என் மென்பொருளை எடுத்துவிட்டுத் தயாரிப்பாளருடையதை ஏற்றினேன். ஏற்றுவதைவிட இறக்குவது சுலபம். இருசப்பன் வந்து கம்பத்தில் துருப்பிடித்த இணைப்பை மாற்றினார், லைன் சுத்தமாகிவிட்டது. உடனே என்னுடையதைத் திரும்ப ஏற்றியிருக்கலாம். ஆனால் இந்த ஆண்டு மின்வெட்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை, உங்களுக்கே தெரியும். செங்கல் ஆகிவிடுமே என்று மாலைக்குத் தள்ளிவைத்தேன். சாப்பிட்டுவிட்டு, கிரில் கதவைப் பூட்டிக்கொண்டு கண்ணயர்ந்தேன்.

முக்கால் மணி நேரம் இருக்கும். அந்த முக்கால் மணியில் அவள் வசுமதியைத் தேடிப் போயிருக்கிறாள். இந்த முறை முகவரி சென்னைக்கே போனது. அவள் எழுதிய கடிதம் ஒன்றுகூட அங்கே இல்லை. தொலைபேசி எண் இருந்தது. என் செல்போனை எடுத்துப் பேசியிருக்கிறாள். எடுத்தவர் சாராள் என்கிற அம்மா. அவருடைய வாக்குமூலத்தை நீங்கள்தான் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். எங்களிடம் வசுமதி என்று யாருமே இல்லையம்மா, உன் பெயரில் கடிதமும் வரவில்லை, அந்த வீட்டில் வேறு யார் கம்ப்யூட்டர் தெரிந்தவர், முதலில் அங்கிருந்து கிளம்பு என்றாராம். நல்ல யோசனைதான். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கிரில் கதவு கிறீச்சிட்டதும் விழித்தேன். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்திருந்தாள். கையில் ஒரு துணிப்பை. படியின் தலைப்பில் நின்றிருந்தாள். நான் சத்தம் போடவில்லை.

“யாரு வசுமதி?” என்று கேட்டாள்.

இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இவ்வளவு நாளும் அவளைக் கேட்டது, தேற்றியது யார் என்று தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று உண்மையாகவே நம்பினேன்.

“நான்தான், பிரதீபா. எல்லாத்துக்கும் நான்தான் பதில் எழுதினேன்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அடி வாங்கும்போதுகூட அப்படிப் பார்த்ததில்லை. “எங்கம்மா சாவக்கெடந்தப்ப… பொறுன்னு சொன்னது நீயா?” என்றாள். நீங்க என்று கூப்பிடுகிறவள். பிறகு திரும்பி முதல் படியில் கால் வைத்தாள்.

தள்ளினேன். இரண்டு கையாலும். கால் தவறவில்லை, புடவை தடுக்கவில்லை, நேற்று வரை நான் சொன்னதெல்லாம் பொய். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் உயிர் போய்விட்டது. வீட்டுக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டு, “ஐயோ, போன வருசமும் இதே படியிலதான வுழுந்துச்சு” என்று எல்லாரிடமும் சொன்னார். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பச் சொன்ன பெண் வந்து சேரவில்லையே என்று அந்தச் சாராள் அம்மா இரண்டு நாள் கழித்து உங்களுக்கு எழுதியிருக்காவிட்டால் அப்படியே போயிருக்கும்.

உங்கள் ஆட்கள் ரூட்டரைத்தான் முதலில் எடுத்துப் போனார்கள். அதில் ஒன்றுமில்லை, கடையில் வாங்கியது போல இருந்தது. பிறகுதான் கட்டிலடிக்கு வந்தார்கள். அதை ஏன் அழிக்காமல் வைத்திருந்தாய், பத்து நிமிட வேலைதானே என்று கேட்டீர்கள். எனக்கும் அது தெரியும் சார். தகனம் முடிந்து வந்த அன்றைக்கே அதன் முன்னால் உட்கார்ந்தேன். முடியவில்லை.

மொத்தம் நூற்றுப்பதினான்கு கடிதங்கள். கேஸ் முடிந்ததும் அவற்றை அவளுடைய அண்ணனிடம் கொடுத்துவிடாதீர்கள். எனக்குத் தர வேண்டும். என் மனைவி எனக்கு எழுதியவை.