ஏட்டு தீர்த்தகிரிக்கு மக்னீஷியா கொடுத்த விவரம்

1939-ம் வருஷம் மார்ச்சு மாதம் 14-ந் தேதி, ஸப்மாஜிஸ்திரேட் அவர்கள் முன்பாக, குற்றம் சாட்டப்பட்ட எதிரி சொல்லி எழுதப்பட்டது.

என் பெயர் சாரதாமணி. தகப்பனார் கந்தவேல், நெசவு. வயது முப்பத்தொன்று. சேலம் ஜில்லா ஓமலூர் தாலுகா கரட்டுப்பாளையத்தில் குடியிருக்கிறேன். அவ்வூர்ப் பெண்கள் பள்ளியில் சயன்ஸ் உபாத்தியாயினி. விவாகம் ஆகவில்லை. இதற்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை என்றேன். படிவம் கேட்கிறது என்றார்கள்.

சென்ற மாதம் வகுப்பில் கிணற்று நீரைக் காய்ச்சி வடித்துக் காட்டினேன். கண்ணாடிக் குழாயிலிருந்து நீர் சொட்டியதை ஜன்னல் வழியே பார்த்த யாரோ, பள்ளியில் சாராயம் காய்ச்சுவதாக ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது முதல், சொட்டுகிற பொருள் எதுவானாலும் சந்தேகத்துக்கு உரியது.

அதன் பேரில் மறுநாள் பகலில் ஏட்டு தீர்த்தகிரி இரண்டு கான்ஸ்டபிள்களுடன் வந்து லாபரேட்டரியைச் சோதனை போட்டார். மேற்படி ஏட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊறல் பானையோ பாட்டிலோ எது பிடிபட்டாலும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, சாராயம்தான் என்று கோர்ட்டில் சத்தியம் செய்வார். அவருடைய நாக்கை இதுவரை எந்த வக்கீலும் ஜெயித்ததில்லை என்று கேள்வி.

மேஜை மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு பாட்டிலில் இருந்தது. தமிழில் லேபிள் எழுதி ஒட்டியிருந்தேன். இருந்தும் வாயால் சொன்னேன், அது அமிலம், தொட வேண்டாம் என்று. அதற்கு ஏட்டு, "புடிபட்டவங்க எல்லாரும் அப்படித்தானுங்கம்மா சொல்றாங்க. போன வாரம் ஒருத்தன் மாட்டு மருந்துன்னான்" என்று சொல்லி, வாய் நிறைய ஊற்றிக்கொண்டார். பாதியை விழுங்கினார். பாதி தரையில் விழுந்து, சுண்ணாம்புத் தரை நுரைத்தது.

அதற்குப் பிறகு ஏட்டு தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பள்ளி ஆயா அங்கம்மாள், "ஏனுங்க டீச்சர், சோடா உப்பைக் கரைச்சு ஊத்தலாமுங்களா?" என்று கேட்டாள். கூடாது என்றேன். சோடா உப்பு அமிலத்தோடு சேர்ந்தால் வாயு கிளம்பும். வெந்த வயிறு உப்பிக் கிழியலாம். மக்னீஷியா அப்படியல்ல. அமிலத்தை முறித்து உப்பும் நீருமாக ஆக்கும், வாயு எழுப்பாது. நம் சுண்ணாம்புக் கரட்டில் வெட்டும் வெள்ளைக்கல்லைச் சுட்டால் கிடைப்பதும் மக்னீஷியாதான். ஆனால் உலைக்குச் செங்கல் செய்யக் கடுமையாகச் சுட்டது இதற்கு உதவாது, அது எளிதில் எதோடும் சேராது. அலமாரியில் இருந்தது லேசாகச் சுட்ட சுத்தமான தினுசு. அதைப் பாலில் கலக்கினேன். ஏட்டு குடிக்க மறுத்தார். அங்கம்மாள் மூக்கைப் பிடித்தாள், நான் ஊற்றினேன். குற்றப்பத்திரிகையில் பலாத்காரம் என்று கண்டிருப்பது இதுதான். ஒப்புக்கொள்கிறேன்.

மேற்படி பொடிக்கு வயிற்றை இளக்கும் குணமும் உண்டு. அன்று மாலையும் மறுநாளும் ஏட்டு கொல்லைப்புறத்திலேயே குடியிருந்தார். அதன் பேரில் நான் சர்க்கார் ஊழியருக்கு விஷம் கொடுத்ததாகப் பதிவு செய்தார்கள். ஏட்டு இறந்திருந்தால் அமிலத்தின் மேல் பழி போயிருக்கும். பிழைத்ததால் என் மேல் வந்திருக்கிறது.

பிறகு சப்இன்ஸ்பெக்டர் பொடியைக் கைப்பற்றி என் எதிரிலேயே பரிசோதித்தார். தீ வைத்தார், எரியவில்லை. தண்ணீரில் போட்டார், கரைவதாகத் தெரியவில்லை. முகர்ந்தார், வாசனை இல்லை. எதற்கும் மசியாத பொடி நல்ல பொடியாக இருக்காது என்பது அவர் அபிப்பிராயம். எரிந்து முடிந்தது மறுபடி எரியாது, சாம்பலும் அப்படித்தான் என்றேன். உக்கிரமான சூட்டிலும் உருகாததால்தான் உலோகம் உருக்கும் மூசைக்கு உள்பூச்சாக வைக்கிறோம், இதன் வெண்மையை வைத்துத்தான் மற்ற வெண்மைகளை ஒப்பிடுகிறார்கள் என்றும் சொன்னேன். "அளவுக்கு மீறி வெளுப்பான பொடி" என்று எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு யோசனை சொன்னார். பாட்டிலில் லேபிள் இல்லை, ஏட்டு தாகத்துக்குத் தண்ணீர் என்று குடித்துவிட்டார் என்று நான் எழுதிக் கொடுத்தால் வழக்கு இல்லை. கொடுக்காவிட்டால் ஜெயில் என்றார். மாட்டேன் என்றேன். ஒரே ஒரு வரிதானே என்றார். அந்த வரி குடித்துப் பார்க்கும் வழக்கத்தை மூடி மறைத்துவிடும், நாளைக்கு இன்னோர் ஏட்டு இன்னொரு பாட்டிலைக் குடிப்பார், அன்றைக்கு நான் பக்கத்தில் இருக்க மாட்டேன் என்றேன்.

இன்று காலை கோர்ட்டு வாசலில் ஏட்டே என்னிடம் வந்தார். குரல் இன்னும் கம்மலாக இருக்கிறது. "உங்களாலதான் பொழைச்சனுங்கம்மா. ஆனா டூட்டியில குடிச்சேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. மதுவிலக்கு ஜில்லாவுல அந்த ஒரு வார்த்தை போதுமுங்க, தொப்பியக் கழட்டிப்போடுவாங்க" என்றார். அவர் பிள்ளைகுட்டிக்காரர். இருந்தும், "நீங்க குடிச்சதைச் சொல்லலேன்னா, நான் கொடுத்ததுக்குக் காரணமே இல்லாமப் போயிடுமுங்க" என்றேன்.

ஆகவே சொல்கிறேன். லேபிள் இருந்தது. ஏட்டு குடித்தார். நான் மக்னீஷியா கொடுத்தேன். அதே நிலைமை வந்தால் மறுபடியும் கொடுப்பேன்.

இவை அனைத்தும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. கடைசியில் "யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னது" என்று குமாஸ்தா வழக்கப்படி எழுதியிருந்தார். அது நிஜமல்ல. வற்புறுத்தல் இருந்தது, எதிரி இணங்கவில்லை என்று திருத்தச் சொன்னேன். திருத்தினார்கள். இப்போது எல்லாம் நிஜம், கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) க. சாரதாமணி