போறேன் என்றுதான் சொன்னான்

டீ நன்றாக இருக்கிறது. நாக்கில் சர்க்கரை பட்டு எவ்வளவு காலமாயிற்று. நீங்களும் குடியுங்கள், ஆறிவிடும்.

கேட்டதற்குச் சொல்கிறேன். அந்த நிலவறையை நான்தான் கட்டினேன். வெல்டிங் என் தொழில். ஊரே எரிந்தபோது என் மனைவியையும் அவள் தம்பியையும் அங்கேதான் காப்பாற்றினேன். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

மேலே காற்று சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க மச்சினன் கிளம்பினான். இரும்புக் கதவை உள்ளேயிருந்துதான் திறக்க முடியும். சாவி என்னிடம்.

“போறேன் மாமா.”

“போயிட்டு வரேன்னு சொல்லுடா.”

“அது வீட்டை விட்டுப் போறவன் சொல்றது. இது வீடா? எலிப்பொறி. அதுவும் தீனி வைக்காத எலிப்பொறி.”

என் மனைவி சிரித்துவிட்டாள். அங்கே வந்தபின் அவள் சிரித்தது அன்றுதான். கதவைச் சாத்தியதும் என்னிடம் சொன்னாள்: “வெளிய நல்லா இருக்குன்னு அவன் வந்து சொல்லட்டும். அப்புறம் உங்க வழி உங்களுக்கு, என் வழி எனக்கு.”

கோபத்தில் சொல்வதுதான். குடும்பம் என்றால் இருக்கும்.

அவன் திரும்பி வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“மாமா, திறங்க. மழை பெஞ்சு எல்லாத்தையும் கழுவி விட்டிருக்கு. ஆளுங்க இருக்காங்க மாமா. படி இடிஞ்சு விழுந்துட்டேன், கால் ஒடிஞ்சிருக்கு. அக்காவைக் கூப்பிடுங்க.”

போறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன். வருவதாக அவன் சொல்லவே இல்லை. அப்படிப்பட்டவனுக்கு நான் ஏன் கதவு திறக்க வேண்டும்? பெரிய காற்றாடியைப் போட்டேன். அது ஓடினால் பக்கத்தில் பேசுவதே கேட்காது.

அவள் விழித்துக்கொண்டாள். “என்னங்க இந்தச் சத்தம்?”

“பேரிங் தேஞ்சு போச்சு. நீ படு.”

இரும்பில் உள்ளங்கையை வைத்தால் மறுபக்கம் தட்டுவது தெரியும். அது முழுக்க அடங்கிய பிறகுதான் காற்றாடியை நிறுத்தினேன்.

“தம்பி வரலியே” என்று அவள் அழுதபோதெல்லாம் தேற்றியது நான்தான். என் தோளில்தான் சாய்ந்தாள். நல்ல நாட்கள் அவை.

நீங்கள் கதவை அறுத்து எங்களை வெளியே கொண்டுவந்தபோது, படியடியில் கிடந்தவனைப் பார்த்தாள். என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. “போறேன்” என்றாள். அவ்வளவுதான்.

அவசரத்தில் ‘வரேன்’ என்கிற பாதியை விழுங்கிவிட்டாள். வருவாள். இந்த அறைக் கதவை மட்டும் அடைக்காமல் வையுங்கள்.