மூன்றாம் தொட்டித் தாய்மீன்கள்

பத்து டிகிரித் தண்ணீரில் டிரவுட் மீன் முட்டை முப்பத்தொரு நாளில் பொரியும். ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகலாம். இது உங்களுக்குத் தெரிந்ததுதான், சுமலதா மேடம்.

குந்தாவுக்கு மேலே உங்கள் மீன் பண்ணையில் ஆய்வக உதவியாளராக இருந்தபோது நான் வாயே திறப்பதில்லை என்று சொல்வீர்கள். மீன் வளர்ப்புச் சங்கத்துக் குளத்தில் மிஞ்சிய தாய்மீன்களைப் போன வாரம்தான் வலை போட்டுப் பார்த்தீர்களாம். கோவை வரை வந்து கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

தேயிலை விலை விழுந்து ஃபாக்டரி மூடிய பிறகு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பத்தொன்பது குடும்பங்கள் மிச்சம். ஒன்று என் அம்மா இசக்கியம்மா. அந்தக் குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்து மீன் வளர்க்கட்டும் என்று நீங்கள்தான் எஸ்டேட்காரர்களிடம் பேசினீர்கள். முதல் ஈட்டு முட்டையில் குஞ்சு வந்தால் லயத்திலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். எனக்குக் கோவையில் வேலை கிடைத்திருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"மீனு பொரிச்சிருச்சின்னா நான் எதுக்குப் புள்ள அங்க வாறேன்? சிலோன்ல இருந்து ஒருக்கா கெளம்புனது போதும்."

ஒழுகும் ஒற்றை அறை. விடாத இருமல். ஒரு மகள் வேறு என்ன செய்வாள்?

மூன்றாம் தொட்டி உங்கள் ஆராய்ச்சிக்கானது. முட்டை வளர்ச்சிக்கான மரபணு ஒன்று பழுதான தாய்மீன்கள். பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. வயிறு நிறையும், முட்டை நல்ல ஆரஞ்சு நிறத்தில் இறங்கும், கருவும் கூடும். ஆனால் முதல் சில நாட்கள் கரு, தாய் முட்டைக்குள் வைத்து அனுப்பியதைக் கொண்டுதான் பிழைக்க வேண்டும். இந்தத் தாய்கள் அதை வைப்பதில்லை. கண்புள்ளி தெரியும் முன்பே முட்டை வெளுத்துவிடும். மற்றவற்றோடு கலந்துவிடாமலிருக்க, முதுகில் வாலுக்கு முன்னால் இருக்கும் சின்னத் துடுப்பை நறுக்கியிருந்தோம்.

சங்கத்துக்குத் தாய்மீன் பிடித்துக் கொடுக்கும் வேலையை என்னிடம் விட்டுவிட்டு நீங்கள் வெளியூர் போனீர்கள். நான் மூன்றாம் தொட்டியில் வலை இறக்கினேன்.

மீன் எடுக்க வந்த லயத்து ஆட்களில் வேலாமணியக்காதான் கவனித்தார். "ஏனுங்க, முதுகுல என்னமோ வெட்டுப்பட்டிருக்குதுங்களே?"

நான் பதில் சொல்லும் முன் ஆறுக்குட்டியண்ணன் சிரித்தார். "கவாத்துக்கா அது! கவாத்து வெட்டுனாத்தான செடி துளுக்கும்? இத்தன வருசம் கொழுந்து பறிச்சு என்னத்தக் கண்ட நீ?"

காலமெல்லாம் தேயிலைச் செடியோடு வாழ்ந்தவர்கள். மறுபேச்சில்லாமல் நம்பினார்கள். துடுப்பு வெட்டிய மீன்தான் வேண்டுமென்று தேடித் தேடி எடுத்தார்கள். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

முட்டைத் தட்டுகளை அம்மா பார்த்துக்கொண்டாள். செத்த முட்டையை அன்றன்றே பொறுக்காவிட்டால் பூஞ்சை பரவும். முதலில் பத்திருபது, பிறகு கை நிறைய. இரண்டு வாரத்தில் தட்டெல்லாம் வெள்ளை.

லயம் காலியானது. ஆறுக்குட்டியண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். யாரும் பட்டினி கிடக்கவில்லை. அம்மா என்னோடு வந்தாள். எனக்குக் கல்யாணமான பிறகும் என்னோடுதான். ஒழுகாத வீடு, நேரத்துக்கு மருந்து. இருமல் நின்றுவிட்டது. இதில் எது குற்றம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மறுபடி அந்த நாள் வந்தாலும் அதே தொட்டியில்தான் வலை இறக்குவேன்.

போன மாதம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மா இன்னும் தூக்கவில்லை. மடியில் வைக்கப் போனால் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொள்கிறாள். "வேணாம் புள்ள. என்னால ஏலாது." வயதானால் அப்படித்தான்.

நீங்கள் கேட்காதது ஒன்று உண்டு. முட்டையெல்லாம் வெளுத்த அன்று எல்லோரும் தட்டுகளைச் சுற்றி நின்றார்கள். படித்தவள் என்று என்னைத்தான் காரணம் கேட்டார்கள். டிரவுட் முட்டை சூடு தாங்காது என்றேன். அது உண்மைதான். "ஐஸ் மாதிரித் தண்ணி ஓடுது. சூடு எங்கிருந்து வந்துச்சும்மா?" என்றார் சங்கத் தலைவர் நவநீதன்.

அம்மா என் பக்கத்தில்தான் நின்றாள்.

"எங்கம்மா கைச்சூடுதான்," என்றேன்.