ஆறாவது நர்ஸ்

— கூழ் வேண்டாம் டொம்புரு. உன் வீட்டுல உக்காந்து சாப்பிட எனக்கு என்ன யோக்யதை இருக்கு?

— குடிங்க நர்ஸ் தீதி. நாலு மைல் மலை ஏறி வந்திருக்கீங்க. சுக்ரிதான் கரைச்சு வெச்சா.

— உன் பொண்டாட்டி எழுந்து நடக்குறாளா?

— நடக்குறா. பாலு கட்டிக்கிட்டு நெஞ்சு கல்லாட்டம் கெடக்குதுன்னுதான் ராவெல்லாம் அழுவுறா. குடிக்கப் புள்ள இல்லன்னு அந்தப் பாலுக்குத் தெரியலயே.

— மாத்திரை கொண்டாந்திருக்கேன். ஈரத்துணி போடச் சொல்லு, பிழியக் கூடாது.

— சரி தீதி. ஆமா, உங்க பொண்ணுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?

— எந்தக் காய்ச்சல்?

— அன்னிக்கு நாங்க வந்தப்ப நம்ம சின்ன ஆஸ்பத்திரி பூட்டிக் கெடந்துதுல்ல? பொண்ணுக்கு முடியலன்னு தீதி ஊருக்குப் போயிட்டாங்கன்னு காவக்காரரு சொன்னாரு.

— அப்படிச் சொல்லுன்னு அவருகிட்ட சொன்னதே நான்தான். என் பொண்ணு நல்லா இருக்கா. நான் ஊருக்குப் போகல. சுனாபாடி பெரிய ஆஸ்பத்திரில இருந்தேன்.

— அங்க கூட்டமோ?

— கூட்டமெல்லாம் இல்ல. அங்க ஆறு நர்ஸ் இருக்கணும், இருக்கறது ரெண்டு பேரு. மேலேர்ந்து சோதிச்சுப் பாக்க வர்றாங்கன்னு பெரிய டாக்டர் ஜீப் அனுப்பி, சுத்துப்பட்டு ஊர்ல இருக்கற எங்க நாலு பேரையும் அள்ளிட்டுப் போனாரு.

— வைத்தியம் பாக்கவா?

— ஒருத்தர் நாடியக்கூடத் தொடல. வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு வரிசையா நின்னோம். எண்ணுனாங்க. கடைசில நான். ஆறு பேரும் சரியா இருக்குன்னு எழுதிக்கிட்டாங்க. அப்புறம் பூரியும் பாயசமும் வந்துது.

— கெடக்கட்டும் தீதி.

— கேளு. எனக்கும் ஒரு தட்டு குடுத்தாங்க. நான் சாப்பிட்டேன் டொம்புரு. நல்லா இருந்துதுன்னு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினேன். அந்த நேரத்துலதான் நீ சுக்ரியக் கட்டிலோட தூக்கிட்டு வந்து நின்னிருக்க.

— வெயில் உச்சில இருந்துது. ஆத்தங்கரை வரைக்கும் திரும்பிப் போனோம். அங்கயே ஆயிப்போச்சு. புள்ள கழுத்துல கொடி சுத்திக்கிட்டு இருந்துது.

— நான் இருந்திருந்தா எடுத்து விட்டிருப்பேன். எத்தனையோ குழந்தைக்கு எடுத்து விட்டிருக்கேன்.

— போவ மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே தீதி.

— சொல்லியிருக்கலாம். எங்கயாவது தூக்கிப் போட்டுடுவாங்களோன்னு வாய மூடிக்கிட்டேன். இனிமே மூட மாட்டேன். நாளைக்கு இந்தச் சாவப் பத்தி விசாரிக்கக் கூப்பிட்டிருக்காங்க, ஒண்ணு விடாமச் சொல்லப் போறேன். வேலை போனாப் போகுது. நீயும் வந்து, பூட்டிக் கெடந்துதுன்னு சொல்லு.

— அவங்க நேத்தே இங்க வந்துட்டாங்க.

— யாரு?

— ரெண்டு பேரு. ஏன் வீட்டுல பெத்தீங்க, ஏன் ஆஸ்பத்திரிக்குப் போவலன்னு கேட்டாங்க. நான்தான் பிடிவாதமாத் தடுத்துட்டேன், அந்தப் பக்கமே போவலன்னு சொல்லிக் கைநாட்டு வெச்சுட்டேன்.

— ஐயோ, பாவி! பெரிய டாக்டர் மிரட்டினாரா?

— யாரும் மிரட்டல.

— பின்ன ஏன்டா? பெத்த பிள்ளையக் கொன்ன பழிய உன் தலையில நீயே ஏன்டா போட்டுக்கிட்ட?

— நீங்க வர்றதுக்கு முன்னாடி நாலு வருசம் நம்ம ஆஸ்பத்திரில ஆளே கெடையாது தீதி. என் தங்கச்சிக்கு இப்ப ஏழு மாசம். உங்களயும் தூக்கிட்டாங்கன்னா, அவளுக்கு யாரு இருக்கா?