ஒரு சாண் நூல்

ஆடிக் காற்று அடிக்கிற ஒரு காலையில் தென்காசியிலிருந்து சுந்தரபாண்டியபுரம் போகும் பஸ்ஸில் இருந்தேன். முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவர் மடியில் மடக்கிய பெரிய பட்டம் ஒன்று, கைக்கு ஒன்றாகப் பிடிக்க இரண்டு நூல் கட்டியது.

"கோளாறு உங்க கையில இல்லங்க, நூல்ல இருக்கு" என்றாள் அவள். அதைக் கேட்டதும் என் காது அந்தப் பக்கம் போய்விட்டது.

"ஏட்டி, சும்மா ஆறுதலுக்குச் சொல்லுத. பக்கவாதம் வந்த கை. இடது நூல இழுக்க வலுவில்ல. அதான் பட்டம் வலது பக்கமே சுத்தி விழுது."

"இந்தப் பட்டத்துக்கு ரெண்டு நூலும் ஒரே நீளம் இருக்கணும்னு இத வாங்கித் தந்த உங்க தம்பி சொன்னாருல்லா? நேத்து ரெண்டையும் நம்ம கேட்டுல கட்டி, தெருமுனை வரைக்கும் இழுத்துப் பாத்தேன். இடது நூலு ஒரு சாண் கூட இருந்துச்சு, அதான் வலது பக்கமே இழுத்திருக்கு. அவுத்துச் சரியாக் கட்டிட்டேன்."

அவர் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"பொறவும் வலது பக்கம் சாஞ்சா?"

"சாஞ்சா கைதான்னு வச்சுக்கிடுவோம். பாத்துட்டுச் சொல்லுங்க."

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி வயல் பக்கம் இருவரும் இறங்கினார்கள். என் ஊரும் அதுதான். நானும் இறங்கி மரத்தடியில் நின்றுகொண்டேன்.

அவள் பட்டத்தைக் காற்றுக்கு எதிரே தூக்கிப் பிடித்து விட்டாள். அது நேரே ஏறியது. அவர் இரு கை நூலையும் இழுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இடது கையை மட்டும் மெதுவாக இழுத்தார்.

பட்டம் இடது பக்கம் திரும்பியது.