பஞ்சநாதன் மேஸ்திரியின் ‘ரைட்’

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் லாரி உரிமையாளர் சங்கத் தலைவர் வேணுகோபால் அவர்களே! கல்லங்குறிச்சியிலிருந்தும் ரெட்டிபாளையத்திலிருந்தும் இன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் டிரைவர்களே, கிளீனர்களே, கல் உடைக்கும் தாய்மார்களே! முன் வரிசையில் உட்காரச் சொல்லியும் உட்காராமல் தூணோரம் நிற்கும் மேஸ்திரியின் மனைவி, அம்மா கொளஞ்சியம்மாள் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. நான் சுண்ணாம்புக்கல் வியாபாரி. தலைச்சுமை தூக்கி ஆரம்பித்தேன். பிறகு ஒரு லாரி, மூன்று லாரி, குவாரிக் குத்தகை என்று வந்தேன். யாருடைய பேச்சையும் நம்பி இந்த இடத்துக்கு வந்தவன் அல்ல. ஆனால் ஒரே ஒருவர் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு சொல்லை நம்பினேன். அந்தப் பஞ்சநாதன் மேஸ்திரிதான் இதோ மாலைக்குள் படமாக இருக்கிறார்!

மேஸ்திரிக்கு இங்கிலீஷ் தெரியுமா? தெரியாது. அவரிடம் இருந்தது ‘ரைட்’ என்ற ஒரு சொல். அரியலூர் பஸ்ஸில் கண்டக்டர் வாயிலிருந்து காதில் விழுந்த சொல். அதை வைத்துக்கொண்டு அவர் பதினாறு வருடம் ஒரு குவாரியையே நடத்தினாரே! கூலி பேசி முடித்தால் ‘ரைட்டுங்க.’ வந்த லோடுக்குச் சிலேட்டில் போடுகிற குறிக்குப் பெயர் ரைட். காய்ச்சலில் கிடக்கும் கிளீனரின் நெற்றியைத் தொட்டு, ‘ரைட்டாயிடும்டா.’ கோபம் வந்தால் தாழ்ந்த குரலில், ‘ரைட்டு... பாத்துக்கறேன்.’ அந்த ரைட்டுக்கு நானே பயந்திருக்கிறேன்!

மகள் மலர்கொடியைப் பெண் கேட்டு உடையார்பாளையத்திலிருந்து வந்தவர்கள் இரண்டு மணி நேரம் பேசினார்கள். மேஸ்திரி வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளைப் பையனை ஏற இறங்கப் பார்த்தார். ‘ரைட்டு’ என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். கல்யாணம் முடிந்துவிட்டது!

ஒரு நாள் சிமென்ட் ஆலையிலிருந்து வந்த எஞ்சினியர் கேட்டார்: “ஏன் மேஸ்திரி, இங்கிலீஷ்ல அதுக்கு வலது பக்கம்னு ஒரு அர்த்தம், சரின்னு ஒண்ணு, உரிமைன்னு ஒண்ணு, நியாயம்னு ஒண்ணு. நீங்க எதச் சொல்றீங்க?”

மேஸ்திரி சிரிக்கவில்லை. “எல்லாந்தாங்க சார். வண்டிக்குப் பின்னாடி நிக்கிறவனுக்கு எல்லாம் வேணும்.”

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். வெட்டிய கழிவு மண்ணைப் பழைய பள்ளத்தில் கொட்டுகிறோம். அறுபதடி ஆழம். லாரி பின்பக்கமாக விளிம்பு வரை போக வேண்டும். டிரைவருக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. விளிம்பில் ஓர் ஆள் நின்று குரல் கொடுப்பார். மற்ற குவாரிகளில் ‘ரைட், ரைட்’ என்று வரச் சொல்லி, நிறுத்த வேண்டிய இடத்தில் ‘ஓல்டான்’ என்று கத்துவார்கள். நம் மேஸ்திரி ஒரு நாளும் ஓல்டான் சொன்னது கிடையாது. மூச்சுக்கு ஒரு முறை ‘ரைட்... ரைட்...’ அவ்வளவுதான். குரல் நின்றால் வண்டி நிற்க வேண்டும். ஏன் இப்படி என்று கேட்டேன்.

“நானே உள்ள வுழுந்துட்டா ஓல்டான்னு யாருங்க மொதலாளி கத்துறது?” என்றார்.

இப்படி யோசித்த மனிதர் எத்தனை பேர் இருக்கிறார்கள்!

ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை அது நடந்தது. டிரைவர் வீரமுத்து வண்டியைப் பின்னால் எடுத்தார். மேஸ்திரியின் குரல் வந்தது. ஏழெட்டு முறை வந்தது. பிறகு வரவில்லை. வீரமுத்து பிரேக்கை மிதித்தார். பின் சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு முழம்தான் இருந்தது. வீரமுத்து பிழைத்தார், கிளீனர் பிழைத்தார், வண்டி பிழைத்தது. விளிம்பு மண் சரிந்து, நின்ற இடத்தோடு மேஸ்திரி போய்விட்டார்.

வீரமுத்து உடனே இறங்கவில்லை. அடுத்த ரைட்டுக்காக ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தார். “அவரு சொல்லாம நான் எப்படிங்க நகர்றது?” என்று இன்றைக்கும் அழுகிறார். தம்பி வீரமுத்து, உன்மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. அவர் கற்றுக்கொடுத்ததைத்தான் நீ செய்தாய்.

குற்றம் என்னுடையது. இதை இந்தச் சபையில் சொல்லாவிட்டால் நான் மனிதன் இல்லை. ஆடி மாதமே மேஸ்திரி என்னிடம் வந்தார். “ஓரத்துல ஒரு வரிசை பாறாங்கல்லு போட்டுடுங்க மொதலாளி. சக்கரம் முட்டி நின்னுக்கும். நானும் ஓரத்துல நிக்க வேணாம், கல்லுக்கு இந்தாண்டையே நின்னுக்கறேன்.”

“நீங்க இருக்கும்போது கல்லு எதுக்கு மேஸ்திரி?” என்றேன். பாராட்டு என்று நினைத்துச் சொன்னேன். ஐயா, பாராட்டு என்று நினைத்துச் சொன்னேன்!

அவர் “ரைட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இனிச் சொல்லப்போவதை நம்புகிறவர்கள் நம்பலாம். காரியம் முடிந்து வேலை தொடங்கிய அன்று முதல் டிரைவர்கள் பள்ளத்துப் பக்கம் வண்டியை எடுக்க மறுத்தார்கள். விளிம்பில் ஆள் இல்லாதபோதே குரல் வருகிறது என்றார்கள். வேலைக்கு மட்டம் போடச் சாக்கு என்று வைதேன். பேய், பிசாசு எல்லாம் எனக்கு ஆகாது. நானே வீரமுத்துவை வண்டியில் ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்தேன். காலை ஏழரை மணி. வெயில் வந்துவிட்டது. பின்னால் ஓர் ஈ, காக்கை கிடையாது.

வண்டி நகர்ந்தது. ‘ரைட்.’

மூச்சுக்கு ஒன்று. அதே கட்டைக் குரல். ‘ரைட்... ரைட்...’

“கேக்குதுங்களா மொதலாளி?”

“கேக்குது. ஓட்டாத. நிறுத்து.”

நிறுத்தினோம். குரல் நிற்கவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு முழத்தில் புது வெடிப்பு. அதற்கு அப்பால் பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள்ளிருந்து, சாவகாசமாக, ‘ரைட்... ரைட்...’

பதினாறு வருடத்தில் ஒரு விரற்கடை பிசகாதவர் ஏன் வண்டியைப் பள்ளத்துக்குக் கூப்பிடுகிறார்? நம்மேல் கோபமா? இல்லை! கோபத்து ரைட் எனக்குத் தெரியும். அன்று கேட்டது வேலை ரைட். கீழே இருப்பவருக்கு விளிம்பு எங்கே தெரியும்? வேலை முடிந்தது என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

இதை நான் கொளஞ்சியம்மாளிடம் மறைக்கவில்லை. போய்ச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“வெயில்லயும் மழையிலயும் இன்னும் அங்கதான் நிக்கிறாருன்னு வூடு தேடி வந்து சொல்றீங்களே மொதலாளி. எப்ப வூட்டுக்கு அனுப்புவீங்க?”

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் நான் எந்த முகத்தோடு இந்த மேடையில் ஏறுவேன்?

நேற்று விளிம்பில் இருபத்திரண்டு பாறாங்கல் இறக்கினோம். முதல் லோடை வீரமுத்து ஓட்டினார். பின்னால் நின்று குரல் கொடுக்க ஆள் கேட்டேன். பதினான்கு பேர் தரையைப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் போய் நின்றேன். அவர் சொல், அவர் இடம். நான் சொல்லலாமா? சொன்னேன். ‘ரைட்.’ என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. கீழேயிருந்தும் வந்தது, ‘ரைட்.’ இரண்டு குரலும் சேர்ந்து வண்டியைக் கூப்பிட்டன. மூன்றாவது கல், நான்காவது கல், பத்தாவது கல். பதினேழாவது கல் இறங்கும்போது என் குரல் மட்டும்தான் இருந்தது. நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். பள்ளத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

தோழர்களே! இனிமேல் நம் குவாரியில் கல்வரிசை இல்லாத விளிம்பில் ஒரு வண்டியும் ஏறாது. ஓர் ஆளும் நிற்க மாட்டார். மற்ற குத்தகைதாரர்கள் இங்கே இருக்கிறார்கள்; அவர்களும் போடும்வரை நான் அவர்கள் வாசலை விடமாட்டேன். வேறு ஆள் துணியும்வரை குரல் கொடுக்கிற வேலை என்னுடையது. பஞ்சநாதன் மேஸ்திரியின் படத்துக்கு முன்னால் இந்த உறுதியைக் கொடுக்கிறேன்.

அம்மா, கொளஞ்சியம்மா! இன்று காலையும் நின்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன். அவர் அங்கே இல்லை. குவாரியிலிருந்து உங்கள் வீடு நடந்தால் நாலு மைல். இன்றைக்குக் கதவைத் தாழ்ப்பாள் போடாதீர்கள்.